முன்னுரிமை யார் கையில்?

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூட்டம் கூடித் தீர்மானிக்கிறார்கள். தண்ணீர் மட்டு, கேட்பவர் அதிகம். கணினியின் புரொசசருக்கு முன்னாலும் அப்படித்தான் நூற்றுக்கணக்கான வேலைகள் காத்து நிற்கின்றன. அங்கே முறை வைப்பது பணிசெயல் முறைமையின் மையமான கேர்னல். அந்தத் தீர்மானத்தில் பயனருக்குப் பங்கு உண்டா என்பது அறுபது வருடத்து வழக்கு.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் கோர்பாட்டோ குழுவினர் காட்டிய சி.ரி.எஸ்.எஸ். முறைமையில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்தார்கள். நெடுநேரம் ஓடும் வேலையை முறைமை தானாகவே பின்னுக்குத் தள்ளியது. பின்னர் வந்த யுனிக்ஸ் முறைமை, வேலையின் முன்னுரிமையை மாற்ற ‘நைஸ்’ கட்டளையைக் கொடுத்தது. யுனிக்ஸைப் பின்பற்றிய லினக்ஸில் அதன் அளவு -20 முதல் 19 வரை. எண் கூடக்கூட முன்னுரிமை குறையும். சாதாரண பயனர் எண்ணைக் கூட்டலாம். குறைப்பதற்குப் பொதுவாக ரூட் எனும் நிர்வாகி அதிகாரம் வேண்டும். விட்டுக்கொடுக்க மட்டுமே அவருக்கு உரிமை.

பலர் பகிர்ந்த இயந்திரத்தில் அது நியாயம். கணினி ஒருவரின் மடிக்கு வந்த பிறகு அந்த நியாயம் தேய்ந்தது. ஒலிப்பதிவு இடையில் அறுபடுகிறதென்று இசைத்துறையினர் முறையிட்டார்கள். 2005இல் வந்த லினக்ஸ் 2.6.12, சாதாரண பயனரும் ஓர் எல்லை வரை முன்னுரிமையை உயர்த்த வழிவிட்டது. மேசைக் கணினி திணறக்கூடாதென்று வேலைகளுக்கு முறை வைக்கும் தனி அட்டவணைநிரல் எழுதிய கொன் கோலிவாஸ், தொழிலால் அவுஸ்திரேலிய மயக்கமருந்து வைத்தியர். 2007இல் கேர்னலுக்குள் சென்றது அவருடையது அல்ல, இங்கோ மோல்னார் எழுதியது. ஆனாலும் நியாயப் பங்கீடு என்ற கோலிவாஸின் எண்ணம் அதிலும் இருந்தது.

2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12 இரண்டு கதவுகளைத் திறந்தது. ஒன்று, குறித்த நேரத்துக்குள் முடியவேண்டிய வேலைகளுக்கான நிகழ்நேர வசதி பிரதான கேர்னலிலேயே சேர்ந்தது. அதில் வன்பொருளின் குறுக்கீடுகளைப் பெரும்பாலும் கேர்னலின் சொந்த இழைகளே (தனித்தனியே முறை பெற்று ஓடும் வேலைகளே) கவனிக்கின்றன. அவற்றின் வழமையான முன்னுரிமை 50. ரூட் அதிகாரம் உள்ளவர் ‘சிஎச்ஆர்ரி’ கட்டளையால் அதை மாற்றலாம். மற்றது ‘ஷெட்-எக்ஸ்ற்’: அட்டவணைநிரலையே நாம் எழுதி ஏற்றலாம்.

ஆபத்தும் உண்டு. நிகழ்நேர முன்னுரிமை பெற்ற இழை ஒன்று முடிவின்றிச் சுழன்றால் கணினியே முடங்கக்கூடும். அதனால்தான் லினக்ஸ் அத்தகைய இழைகளுக்கு வழமையாக ஒரு விநாடியில் 95 சதவீத நேரத்துக்கு மேல் விடுவதில்லை. ஷெட்-எக்ஸ்ற்றிலும், ஒரு வேலை ஏறத்தாழ 30 விநாடி முறை கிடைக்காமல் கிடந்தால், நாம் ஏற்றிய நிரலை அகற்றிவிட்டுக் கேர்னல் தன் பழைய முறைக்குத் திரும்பும்.

உரிமையைப் பூட்டி வைப்பதைவிடக் காவலோடு கொடுப்பதே சரி என்பதுதான் இந்த வரலாறு தரும் தீர்ப்பு. கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகளே, கேர்னலை யாரோ பூட்டிவைத்த பெட்டியாகப் பார்க்காதீர்கள். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, சொந்தமாக ஓர் அட்டவணைநிரல் எழுதிப் பாருங்கள்.