காவலர் வாய் திறந்தால்தான் நம் குரல் கேட்கும்!

திட்டக்குடி கடைவீதியில் உங்கள் கடைப் பூட்டு இரவில் உடைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும் யாரைத் தேடுவீர்கள்? காவல் நிலையத்தையா? இல்லை! 'ஐயாவிடம் பேசத் தெரிந்த' ஒரு புள்ளியைத்தான் தேடுவீர்கள். ஏன் இந்த அச்சம்?

இதே அச்சம் அந்த நிலையத்துக்குள் நிற்கும் காவலருக்கும் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அங்கே கட்டளை மேலிருந்து கீழே வரும்; கீழே உள்ளவர் கண்ட உண்மை மேலே போகாது. அதிகாரி வீட்டில் எடுபிடி வேலை செய்யும் 'ஆர்டர்லி' முறை 1979-லேயே ஒழிக்கப்பட்டதாம்! ஆனால் 2022-லும் அதைக் கண்டித்து சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஐயா வீட்டுத் துணியைத் துவைப்பவர், 'ஐயா, இது சட்டவிரோதம்' என்று சொல்லத் துணிவாரா? அனுமதியின்றிச் சங்கம் சேரவும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது.

இந்த ஊமைத்தனத்தின் விலை என்ன? தொலைவில் தேட வேண்டாம். 1993-ல் விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் காவல் நிலையத்தில் முதனை ராஜாக்கண்ணு அடித்தே கொல்லப்பட்டார். 'தப்பி ஓடிவிட்டார்' என்று கதை கட்டினார்கள். அவர் மனைவி பார்வதி, வழக்கறிஞர் சந்துருவின் துணையோடு உயர்நீதிமன்றப் படியேறிய பிறகே உண்மை வெளிவந்தது.

2020 ஜூனில் சாத்தான்குளம்! செல்போன் கடை நடத்திய பென்னிக்ஸ், அவர் தந்தை ஜெயராஜ். இருவரும் நம்மைப் போன்ற வியாபாரிகள். இருவரும் பிணமான பிறகு, தலைமைக் காவலர் ரேவதி அஞ்சியபடியே நீதித்துறை நடுவரிடம் தான் கண்டதைச் சொன்னார். அந்த வாய் அன்றிரவே பேச ஒரு பாதுகாப்பான வழி இருந்திருந்தால் இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கலாம் அல்லவா?

'அடிப்பவர்களுக்கு வக்காலத்தா?' என்று கேட்காதீர்கள். அடித்தவன் கூண்டில் ஏறட்டும். ஆனால் தடுக்க நினைக்கும் காவலரின் வாயைக் கட்டிப்போட்டால், அடுத்த அடி யார் முதுகில் விழும்? எனவே, பழிவாங்கப்படாமல் மேலிடத்துக்குத் தகவல் சொல்லும் உரிமை காவலருக்கு வேண்டும் என்று நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.

நம் பங்கையும் செய்வோம். இளைஞனே, புள்ளியைத் தேடாதே, பேனாவை எடு! நடந்ததை நாள், நேரத்தோடு தமிழில் எழுது. கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்கு. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பு. அங்கும் பயனில்லையா? நடுவர் நீதிமன்றம் இருக்கிறது.

வாய்ச்சொல்லை மறுத்துவிடலாம், ரசீது பெற்ற காகிதத்தை மறுக்க முடியுமா? சிந்தியுங்கள்!