இலக்கியச் சாளரம்: தவமிருக்கும் பூனை

சென்ற திங்கள் அன்பியக் கூட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்தபின் ஒரு தாய் நம்மைத் தனியே அழைத்து, தம் மனக்குறையைக் கூறினார். "பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன் நூலகத்திலிருந்து சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கொண்டு வந்தான், ஐயா. அதில் ஒரு கதையைப் படித்துவிட்டு எனக்கு இரவெல்லாம் உறக்கமில்லை. இப்படி மனத்தைக் கலக்கும் கதைகளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?" என்றார். அக்கதை கி. ராஜநாராயணன் எழுதிய 'கதவு'. அடுத்த வாரம் அதைக் கொண்டு வாருங்கள், அனைவரும் கூடிப் படிப்போம் என்று சொல்லி வந்தோம்.

மாமல்லபுரத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாத குடும்பம் நம் செங்கற்பட்டுப் பகுதியில் இராது. அங்கே அருச்சுனன் தபசு என்னும் பெரும்பாறைச் சிற்பத்தின் கீழ்ப்பகுதியில், யானைகளின் அருகே, பூனை ஒன்று பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரிகிறது. அதன் காலடியில் எலிகள் அஞ்சாது உலவுகின்றன. தவம் செய்பவன் அருச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் வழக்காடி வருகின்றனர். பூனையைப் பற்றி மட்டும் வழக்கில்லை! குழந்தைகள் அதைக் கண்டு சிரிப்பர். ஆனால் அடுத்த நொடியில் என்ன நிகழும் என்பதைப் பல்லவச் சிற்பி செதுக்கவில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அந்த நொடியைப் பார்ப்பவர் மனத்திற்கே விட்டு வைத்திருக்கிறான். மனத்தைக் கலக்கும் சிறுகதையின் இலக்கணம் முழுவதும் அந்தப் பூனையிடம் இருக்கிறது.

வெளியே சொல்லும் பொருளுக்குள் வேறொரு பொருளை வைப்பதை நம் முன்னோர் உள்ளுறை என்றனர். வரப்போவதை முன்னரே குறிப்பால் காட்டுவதும் அதற்கு உறவான உத்தியே. இதைச் சகுனத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. பூனை குறுக்கே போனதால் காரியம் கெட்டது என்பது சகுனம். அதில் காரணம் ஏதும் இல்லை. கதையாசிரியன் வைக்கும் குறியோ காரணத்தோடு பிறப்பது. 2004 டிசம்பர் 26 அன்று காலை, மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கி, அதுவரை காணாத பாறைகள் வெளிப்பட்டதை நம் கடற்கரை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேரலையின் தாழ்ந்த பகுதி முதலில் கரையை அடையும்போது நீர் அவ்வாறு உள்வாங்கும். அது அலையின் தொடக்கமே என்பதை அன்று நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? குறி கண்முன் இருந்தது, படிக்கத்தான் தெரியவில்லை.

இனிக் கதைகளுக்கு வருவோம். தி. ஜானகிராமனின் 'பாயசம்' ஒரு திருமண வீட்டில் நடப்பது. உடன்பிறந்தார் மகன் சுப்பராயன் உழைத்து முன்னேறி, ஊர் மெச்சத் தன் மகளுக்கு மணம் முடிக்கிறான். சிற்றப்பனான சாமநாதுவால் அதைத் தாங்க முடியவில்லை. இறந்துபோன மனைவி வாலாம்பாளோடு மனத்துக்குள் பேசியபடி ஊருக்குள் நடக்கிறார். சமையற்கட்டில் தவலை நிறையப் பாயசம் கொதித்து இறக்கப்பட்டிருக்கிறது. அவர் அதைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, உள்ளே எலி விழுந்து கிடந்தது என்கிறார். அனைவரும் நம்புகின்றனர். கைம்பெண்ணாகத் தம் வீட்டிலிருக்கும் சொந்த மகள் மட்டும் அவரைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையின்முன் அவரால் நிற்க முடியவில்லை.

எலி எங்கிருந்து வந்தது? கதையின் முதல் வரிகளுக்குத் திரும்பிச் சென்றால், சாமநாது அரசமரத்தடியில் பிள்ளையார் முன் நின்று தலையில் குட்டிக்கொள்வதைக் காண்கிறோம். பிள்ளையாரின் ஊர்தி எது என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லும். ஆசிரியர் எண்ணிச் செய்தாரோ, எழுதும் கை தானே செய்ததோ, நமக்குத் தெரியாது. ஆனால் வழிபாட்டில் தொடங்கிய கதை எலியில் முடிகிறது. அந்த எலி தவலையில் இல்லை, தவலையைச் சாய்த்தவர் நெஞ்சில் இருந்தது. அவருடைய பொறாமை பக்கத்துக்குப் பக்கம் வளர்வதைக் கண்டுகொண்டேதான் வந்தோம். இருந்தும் தவலை சாயும்போது திடுக்கிடுகிறோம்.

'கதவு' இதினும் கொடியது, ஏனெனில் அதில் தீயவர் என்று ஒருவரும் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளான லட்சுமியும் சீனிவாசனும், கதவில் ஏறி ஆடி, அதைப் பேருந்தாக்கி விளையாடுகின்றனர். தந்தை கூலி வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார். தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றித் தூக்கிச் செல்கின்றனர். காரணம் அறியாத பிள்ளைகள், ஊர்வலம் போகிறது என்று எண்ணிப் பின்னால் ஆரவாரம் செய்து போகின்றனர். பிறகு கார்த்திகை மாதத்து வாடைக்காற்று, கதவில்லாத வாசல் வழியே உள்ளே வருகிறது. கைக்குழந்தை இறந்துபோகிறது. கதை இதை அழுது அரற்றிச் சொல்லவில்லை. முதற் பக்கத்தில் கதவு அசைந்தபோது நாம் மகிழ்ந்தோம் அல்லவா? அந்த மகிழ்ச்சியே இறுதியில் நம்மை வருத்துகிறது.

கடல் கடந்த நாட்டிலும் இதே முறைதான். அமெரிக்காவின் ஷெர்லி ஜாக்சன் எழுதிய 'லாட்டரி' என்னும் கதை, நியூயார்க்கர் இதழில் 1948 ஜூன் 26 அன்று வெளிவந்தது. சிற்றூர் ஒன்றில் கோடைக்காலக் காலை. அனைவரும் சீட்டெடுக்கக் கூடுகின்றனர். தொடக்கத்திலேயே சிறுவர்கள் பைகளில் கற்களை நிரப்புகின்றனர். விளையாட்டு என்று நாம் எண்ணிக் கடந்து போகிறோம். சீட்டு விழுந்த பெண்மீது எறியவே அக்கற்கள்! அக்கோடையில் ஆசிரியருக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. இத்தகைய சீட்டு எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டவர்களும் உண்டாம்! கதையைவிட அக்கடிதங்களே நம்மை அதிகம் கலக்குகின்றன.

நம் திருச்சபையைச் சேர்ந்த ஃபிளானரி ஓ'கானரையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூரில் நோயோடு வாழ்ந்து, 1964 இல் தம் 39ஆம் வயதில் மறைந்தவர். அவர் கதையொன்றில் பாட்டி, வழியில் தாம் விபத்தில் இறக்க நேர்ந்தாலும் கண்டவர் தம்மைக் கண்ணியமான பெண்மணி என்று அறிய வேண்டும் என்று நன்றாக உடுத்திக் காரில் ஏறுகிறார். அன்றே கொலைஞன் ஒருவன் கையில் இறக்கிறார். கடைசிக் கணத்தில் அவனையே தம் பிள்ளையாகக் கண்டு தொடுகிறார். இறையருள் மென்மையாக மட்டுமே வரும் என்று எண்ணுவோருக்கு அவர் கதைகள் கசக்கும்.

அடுத்த வாரக் கூட்டத்தில் 'கதவு' கதையை அந்தத் தாயின் மகனே உரக்கப் படித்தான். கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் ஊர்வலம் போகும் இடத்தில் சிலர் சிரித்தனர். படித்து முடித்தபோது எவரும் பேசவில்லை. மூலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர்தாம் வாய் திறந்தார். இளமையில் கேளம்பாக்கத்து உப்பளங்களில் வேலை செய்தவர். தாம் சிறுவனாக இருந்தபோது, கடன் கட்டாத ஒரு வீட்டின் பித்தளைப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். இவரும் தெருப் பிள்ளைகளும் ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே தெருக்கோடி வரை பின்னால் ஓடினார்களாம்.

"அந்த வீட்டுக்காரர் பெயர் என்ன, தாத்தா?" என்று பையன் கேட்டான்.

முதியவர் நெடுநேரம் யோசித்தார். "அவர் பெயர் நினைவில் இல்லையடா, தம்பி. குடத்தில் வெட்டியிருந்த அந்த அம்மாளின் பெயர்தான் இருக்கிறது. கமலம்" என்றார்.

அந்தத் தாய் நம்மிடம் தம் வினாவை மீண்டும் எழுப்பவில்லை. புத்தகத்தை நூலகத்தில் திருப்பித் தர வேண்டிய நாள் கடந்துவிட்டது, அபராதம் கட்டிக்கொள்கிறோம், கூட்டத்தில் இன்னும் இருவர் படிக்கக் கேட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.