வாசலுக்கு வந்த அமானிதம்

 

அக்கரப்பத்தனையின் டிசம்பர் மாதக் குளிரைப் பற்றி மலைநாட்டு வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படியொரு மாலையில் மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வருகிறேன். மத்ரஸாப் பிள்ளைகள் இருவர் ஒரு தொப்பிக்குள் எதையோ ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். தேயிலை மலைக் கானுக்குள் நனைந்து கிடந்த பூனைக்குட்டி!

"பகல் முழுக்கப் பார்த்தோம் மௌலவி, தாய்ப் பூனை வரவேயில்லை. எங்கட உம்மா ஏசுவாங்க. உங்கட வீட்டிலதான் ஏற்கனவே பூனை இருக்குதே!"

பூனை உள்ள வீடுதான் பூனைக்குட்டிக்கு ஏற்ற வீடு என்பது பிள்ளைகளின் கணக்கு. ஒரு காலத்தில் என் கணக்கும் அதுதான். மூன்று வருடங்களுக்கு முன் இதேபோல் ஒரு குட்டியைக் கொண்டுவந்து, எங்கள் இரு பூனைகளும் படுக்கும் சாக்கிலேயே விட்டேன். ஒரே தட்டில் சாப்பிட வைத்தேன். நான்காம் நாள் குட்டி வாந்தி எடுத்து இறந்தது. அடுத்த வாரம் ஒன்பது வருடம் எங்களோடு வாழ்ந்த கிழப் பூனையும் அதே நோயில் போய்விட்டது. மிருக வைத்தியர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "தடுப்பூசி போட்டீர்களா?" என்பது. இரண்டாவது, "புதியதைத் தனியாக வைத்தீர்களா?" என்பது. இரண்டுக்கும் என்னிடம் பதிலில்லை. இரக்கம் இருந்தது, அறிவு இருக்கவில்லை.

நோயுள்ள ஒட்டகத்தை ஆரோக்கியமானவற்றோடு சேர்க்க வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் ஒட்டக உரிமையாளர்களுக்குச் சொன்னது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. அந்த ஹதீஸை எத்தனையோ முறை பாடம் நடத்தியவன் நான். என் வீட்டு வாசலில் அது நினைவுக்கு வரவில்லை!

இன்னொரு ஹதீஸையும் நாம் அறிவோம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தி அது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்ன அவிழ்த்துவிடவும் இல்லை. இதைச் சற்று ஆழ்ந்து சிந்தியுங்கள். ஒரு பிராணியை வீட்டுக்குள் எடுத்துக் கதவைச் சாத்தும்போது, அது தானே இரை தேடும் வழியை நாம் அடைத்துவிடுகிறோம். அந்த நிமிடம் முதல் அதன் உணவும் மருந்தும் நம் பொறுப்பு. ஏற்கனவே வீட்டிலுள்ள பூனைகளும் அதே பொறுப்பில் அடங்கியவையே. புதியதற்குக் காட்டும் இரக்கம் பழையதற்கு அநியாயமாக மாறிவிடக் கூடாது.

ஆகவே இம்முறை குட்டியை விறகு வைக்கும் சிறு அறையில் வைத்தோம். லயக் காம்பிராவில் வாழ்பவர்களுக்குத் தனி அறை ஏது என்று கேட்பீர்கள். குளியலறையின் ஒரு மூலையோ, மூடியில் துளையிட்ட பெரிய கடதாசிப் பெட்டியோ போதும். மற்றப் பூனைகள் கிட்ட வராதிருப்பதே முக்கியம். ஆகக் குறைந்தது இரண்டு வாரம் தட்டு, மலம் கழிக்கும் மண் பெட்டி, துணி எல்லாம் வேறாக இருக்க வேண்டும். தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். நான் சாரனையும் மாற்றிக்கொண்டேன். அந்த வாந்திபேதி வைரஸ் துணியிலும் தரையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கக் கூடியது.

குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் புகட்டாதீர்கள். முதலில் துடைத்து, சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைத்துச் சூடேற்றுங்கள். பசும்பாலும் பால்மாவும் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். நான்கு வாரம் தாண்டிப் பல் முளைத்த குட்டிக்கு முள் நீக்கி அவித்த மீன், கோழி இறைச்சி இரண்டையும் மசித்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அதற்கும் இளையதென்றால், குட்டிகளுக்கென்றே உள்ள பாலை மிருக வைத்தியரிடம் கேட்டுப் பெறுங்கள். மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும். காய்ச்சல் என்று பெனடோல் கொடுப்பது பூனையைக் கொல்வதற்குச் சமம். உண்ணிக்காக மண்ணெண்ணெயோ டெட்டோலோ பூசுவதும் ஆபத்தே.

இரு வாரம் நோயின்றிக் கழிந்தபின், குட்டி படுத்த துணியைப் பெரிய பூனைகளிடமும், அவை படுத்த துணியைக் குட்டியிடமும் வைத்தோம். மணம் பழகிய பிறகு, மூடிய கதவின் இருபுறமும் சோறு வைத்தோம். பின்னர்தான் நேருக்கு நேர் சந்திப்பு. பெரியது சீறியது. சீறுவதற்காக அதை அடிக்காதீர்கள். அது தன் வீட்டைக் காக்கிறது. பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு மண் பெட்டி கூடுதலாக இருந்தால் சண்டை குறையும்.

தொழுகை பற்றிச் சகோதரிகள் கேட்பதுண்டு. அபூகதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்ய வைத்த தண்ணீரில் பூனை வாய்வைக்க வந்தபோது, அது குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியப்போடு பார்த்த மருமகள் கப்ஷாவுக்கு, பூனை நஜீஸ் இல்லை, அது நம்மைச் சுற்றி வருவது என நபியவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். ஆனால் பூனையின் மலமும் சிறுநீரும் நஜீஸே, கழுவியாக வேண்டும். ஷாபிஈ மத்ஹபின்படி உடையில் ஒட்டும் உதிர்ந்த முடி சிறிதளவாயின் மன்னிக்கப்படும். பூனையை நேசிப்பது ஈமானைச் சேர்ந்தது என ஹதீஸ் போலச் சொல்லப்படுவது இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். இரக்கத்துக்கு ஆதாரமான ஹதீஸ்கள் போதியளவு உண்டு. பொய்யின் துணை நமக்கெதற்கு?

பிள்ளைகளின் பாதுகாப்பையும் மறந்துவிடலாகாது. விசர்நோய் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் தொற்றும். கடித்தாலோ பிராண்டினாலோ, ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதிக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பூனைக்குரிய தடுப்பூசிகளை எந்த வயதில் போடுவதென மிருக வைத்தியரிடம் கேட்டு, தவறாமல் போடுங்கள். கர்ப்பிணித் தாய்மார் மண் பெட்டியைச் சுத்தம் செய்யும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

இவையெல்லாம் நம்மால் இயலாது எனத் தோன்றினால், பூனையில்லாத, பொறுப்பான ஒரு வீட்டைத் தேடிக் கொடுப்பதும் நன்மையான காரியமே. எடுத்துவந்து பாதியில் கைவிடுவதுதான் பாவம்.

அன்று குட்டியைக் கொண்டுவந்த இரு பிள்ளைகளும் அந்த இரு வாரமும் தினமும் வந்தார்கள். கதவு இடுக்கால் பார்த்துவிட்டு, சொல்லாமலே கை கழுவிப் போனார்கள். நான் நடத்திய பாடங்களில் அவர்களுக்கு எது மறந்தாலும் இது மறக்காது என நம்புகிறேன். நம்மை நம்பி வாழும் உயிர்கள் பற்றி மறுமையில் கேட்கப்படும் வேளையில், பதில் சொல்லக்கூடியவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.