வீடு மனைவியின் பெயரில். கையெழுத்து கணவனின் கையில்

கிளிநொச்சியில் நான் சந்தித்த ஒரு தாய், ஒழுகும் கூரையை மாற்றி, வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓர் அறை கட்ட விரும்புகிறார். காணி அவருக்குச் சீதனமாகக் கிடைத்தது. மேசனுடன் கூலியும் பேசி முடித்துவிட்டார். ஆனால் காணியை ஈடு வைத்துக் கடன் பெற வங்கிக்குப் போனபோது, கணவரின் கையெழுத்தைக் கேட்டார்கள். அவரது கணவர் 2009ஆம் ஆண்டு காணாமல் ஆக்கப்பட்டவர்.

வங்கி கேட்டது சட்டத்தில் உள்ளதைத்தான். தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மணமான பெண் தனது அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் தன் சொத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. நாட்டின் ஏனைய பெண்கள் பலருக்கு 1923ஆம் ஆண்டின் சட்டம் இந்தத் தடையை நீக்கிவிட்டது. வடக்கின் தமிழ்ப் பெண்களுக்கு அது இன்னும் நீடிக்கிறது.

இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. அந்தச் சிறிய வீடுகள் இன்று திருத்தமும் விரிவாக்கமும் கேட்கின்றன. கையில் காசில்லாத குடும்பத்திடம் ஈடு வைக்க இருப்பது காணி மட்டுமே.

பலரும் அறியாத ஒரு வழி அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில் உண்டு. கணவர் கைவிட்டிருந்தால், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தால், இருப்பிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம். இதற்கு மரணச் சான்றிதழ் வேண்டியதில்லை. கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் மனைவிக்கு இது மிகப் பெரிய விடயம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் காணப்படாமைச் சான்றிதழை மனுவுடன் சான்றாக வைக்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறுதி இருவர் பெயரிலும் இருந்தால், 8ஆம் பிரிவின் அனுமதி மனைவியின் பங்குக்கு மட்டுமே. கணவரின் பங்கு குறித்துச் சட்டத்தரணியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

நீதிமன்றம் போக ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் வேண்டும். தன் கூரையைத் திருத்த ஒரு பெண் நீதிபதி முன் நிற்கவேண்டிய நிலையை மாற்ற, 6ஆம் பிரிவைத் திருத்துமாறு நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். தேசவழமை நமது அடையாளம் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த அடையாளத்தைக் காக்க, மழையில் நனைய வேண்டியவர்கள் பெண்கள் மட்டுமா?