மணலுக்கடியில் ஓர் ஆறு

வைகறையில் நடக்க வேண்டும் என்பது மருத்துவர் எனக்கு விதித்த தண்டனை. அதனை நிறைவேற்றப் போளூருக்கருகே செய்யாற்றைத் தேர்ந்துகொண்டேன். சவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் கலக்கும் இந்த ஆறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கிறது. “நீரில்லா ஆற்றில் என்ன காட்சி?” என்று வீட்டார் நகைப்பர்.

ஒருநாள், ஆற்றின் நடுவே ஒரு மூதாட்டி கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். முழங்கை ஆழத்தில் நீர் ஊறிற்று. கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்ததை மொண்டு குடத்தை நிரப்பினார். “ஆறு எங்கேயும் போகலைங்க ஐயா, கீழேதான் இருக்குது” என்றார். அவர் அகன்றதும் அவ்வூற்றில் தவிட்டுக்குருவிகள் இரண்டு நீரருந்தின.

பருமணலின் கனஅளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வெற்றிடமே. மழைக்கால வெள்ளம் அதனுள் புகுந்து, வெயிலுக்குத் தப்பித் தங்கி, கரையோரக் கிணறுகளுக்கு மெல்லச் செல்கிறது. நமீபியா நாட்டுப் பாலைவனத்துக் குய்செப் ஆற்றில் ஆண்டுக்குச் சில நாள்களே நீரோடும். எனினும் அடிநீரை நம்பி அங்கே மரங்கள் நிற்கின்றன. அவற்றின் காய்களைத் தின்று ஆடுகள் பிழைக்கின்றன.

மணலை வாரிவிட்டால் நீர் தங்க இடமேது? படுகை தாழத் தாழக் கிணற்று நீரும் தாழும். சற்றுத் தொலைவில், மணல் அள்ளிய பள்ளத்தில் களிமண் தெரிந்தது. அங்கே ஊற்றுத் தோண்ட எவரும் வருவதில்லை.

வீடு திரும்பி மாடிப்படியில் அமர்ந்தேன். இம்மாடி எழுந்தபோது ஏழு லாரி ஆற்றுமணல் இறங்கிற்று. விலை மலிவு என்று அன்று மகிழ்ந்தவன் நான்.