ரெஃபர் பண்ணுவது கூட்டு ஆகாது

இரண்டு ஆஸ்பத்திரிகள் கைகோத்தால் நம்மூரில் முதலில் நடப்பது சால்வை, அடுத்து ஃபோட்டோ. அதன்பிறகு சின்ன ஆஸ்பத்திரி குழந்தையை அனுப்பும், பெரிய ஆஸ்பத்திரி வாங்கிக்கொள்ளும். இதற்குப் பேர் கூட்டு என்றால் அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணி போகும் பஸ்ஸும் கூட்டாளிதான். அதுவும் ஆளை ஏற்றி அனுப்பத்தான் செய்கிறது.

கூட்டு என்றால் என்னவென்று இந்தியா ஒருமுறை காட்டியிருக்கிறது. 1970களில் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்னும் ரத்தப் புற்று வந்த குழந்தைகளும் இளைஞர்களும் நம் பெரிய புற்றுநோய் மையங்களில்கூட அதிகம் பிழைக்கவில்லை. 1984இல் தொடங்கிய எம்சிபி 841 என்ற ஒரே சிகிச்சைமுறையை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், மும்பை டாடா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ் மூன்றும் கைக்கொண்டன. ஒரே மருந்து வரிசை, கூடவே மேம்பட்ட பராமரிப்பு. நான்கு வருஷத்துக்குப் பிறகும் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 20 சதவீதத்துக்கும் கீழிருந்து 45–60 சதவீதமானார்கள். மையங்களுக்கிடையே இருந்த வித்தியாசத்தையும் ஒளிக்காமல் பிரசுரித்தார்கள். எந்த சால்வைக் கூட்டு இதைச் செய்யும்?

ஆனால் அந்தச் சங்கிலி பெருநகரத்தோடு நின்றுவிட்டது.

அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். தறி ஓடினால்தான் கூலி. லுகேமியா சிகிச்சையோ வருஷக்கணக்கில் இழுப்பது. அதில் பெரும்பகுதி வீட்டில் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. இதற்காக ஒவ்வொரு முறையும் சென்னை போய்வந்தால் அன்றைக்குத் தறி நிற்கும். காப்பீடு மருந்துக்குக் காசு தரலாம், நின்ற தறிக்கு யார் தருவது? கடைசியில் ஒருநாள் அந்தக் குடும்பம் வராது. ‘சிகிச்சையைக் கைவிட்டார்கள்’ என்று ஃபைலில் எழுதிவிடுவோம். கைவிட்டது யார் என்பதுதான் என் கேள்வி.

‘சின்ன ஆஸ்பத்திரி டாக்டருக்கு இதெல்லாம் தெரியாதே, ரிஸ்க் இல்லையா?’ என்பார்கள். ரத்த அணுக்கள் குறைந்த குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் உடனே நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறவேண்டும். அந்த நேரத்தில் நூறு கிலோமீட்டர் பயணம் ரிஸ்க் இல்லையா? பிரிட்டனில் பரிசோதனையையும் காய்ச்சல் சிகிச்சையையும் பக்கத்து மாவட்ட மருத்துவமனை பார்க்கிறது, முடிவுகளை முதன்மை மையம் எடுக்கிறது. அங்குள்ள டாக்டர்களுக்கு இது பிறவியிலேயே வந்துவிடவில்லை. பயிற்சி கொடுத்தார்கள், எழுதிய விதிமுறை கொடுத்தார்கள்.

எனவே அடுத்த ஒப்பந்தத்துக்குக் கை தட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். திருத்தணி டாக்டர் நடுராத்திரி கூப்பிட்டால் சென்னையில் யார் ஃபோனை எடுப்பார்? மேலே போன குழந்தையின் விவரம் கீழே திரும்பி வருமா? வராமல் நின்றுபோன குழந்தைகளை யார் எண்ணுவார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அது கூட்டே கிடையாது. தள்ளிவிடுவதற்கு லெட்டர்ஹெட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.