மின்திருட்டு: இழப்பு யாருக்கு?

சூளூர்பேட்டையில் வாழும் நம் வீடுகளுக்கு மாதந்தோறும் மின்கட்டணச் சீட்டு வருகிறது. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மண்டல மின் விநியோக நிறுவனம் அதனை வழங்குகிறது. நம் பெற்றோர் உரிய நாளில் தொகையைச் செலுத்துகின்றனர். ஆனால், ஒருவர் மின்கம்பியில் கொக்கி மாட்டி, மீட்டர் இல்லாமல் மின்சாரம் எடுத்தால், அதற்கான விலையை யார் கொடுப்பது?

அரசு கொடுக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. மின் நிறுவனம் தான் வாங்கும் ஒவ்வோர் அலகுக்கும் விலை கொடுக்கிறது. அத்தொகை திரும்பி வராவிட்டால் கட்டணம் உயரும். அல்லது மக்களின் வரிப்பணம் செலவாகும். அல்லது பழுதான கம்பிகள் மாற்றப்படாமல் கிடக்கும். மேலும், அளவுக்கு மீறிய சுமையால் மின்மாற்றி எரிந்தால் ஊரே இருளில் மூழ்கும். எனவே மின்சாரத்தைத் திருடுபவர் தம் அண்டை வீட்டாரிடமே திருடுகிறார்.

இதனைத் தடுக்க ஆந்திரப் பிரதேசம் 2000ஆம் ஆண்டில் கடுமையான சட்டம் இயற்றியது. வழக்குகளை விசாரிக்கத் தனி நீதிமன்றங்களுக்கும் வழிசெய்தது. நாடு முழுவதற்கும் உரிய 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, மின்திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. கட்டணம் செலுத்தாதவருக்கு 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து இணைப்பைத் துண்டிக்கலாம் என்கிறது 56ஆம் பிரிவு.

தண்டனை மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. வயல்களில் பெரிய மின்மாற்றி ஒன்றிலிருந்து நெடுந்தொலைவு செல்லும் தாழ்அழுத்தக் கம்பிகளில் கொக்கி மாட்டுவது எளிது. அதற்கு மாறாக, உயர்அழுத்தக் கம்பியை வயல் அருகே கொண்டுசென்று, சில உழவர்களுக்கு ஒரு சிறு மின்மாற்றி அமைக்கும் முறை ஆந்திரத்தில் கையாளப்பட்டது. உயர்அழுத்தக் கம்பியில் கொக்கி மாட்ட எவரும் துணியார். சிறு மின்மாற்றியையோ உழவர்கள் தமதாகக் கருதிக் காப்பர். காவலர் செய்ய இயலாததை இந்த உரிமையுணர்வு செய்யும்.

அளவிடுதலும் இன்றியமையாதது. 2004ஆம் ஆண்டு முதல் ஆந்திர உழவர்களுக்கு இலவச மின்சாரம் வழங்கப்படுகிறது. அது உழவர்க்கு உதவி. அதனை நான் குறை கூறவில்லை. ஆயினும், மீட்டர் இல்லாத இடத்தில் உழவர் பயன்படுத்தியது எவ்வளவு, பிறர் திருடியது எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. இலவசமாகக் கொடுப்பதையும் அளந்தே கொடுக்க வேண்டும்.

ஏழைகளுக்கு முறையான இணைப்பு எளிதாகக் கிடைக்க வேண்டும். அவர்கள் கட்டணத்தைத் தவணையில் செலுத்தவும் வழி வேண்டும். அரசு அலுவலகங்களும் தம் நிலுவையைத் தவறாது செலுத்த வேண்டும். பெரியவர் கடனை மறந்துவிட்டு, எளியவர் வீட்டு விளக்கை மட்டும் அணைப்பது நீதியாகாது. சட்டம் அனைவருக்கும் ஒன்றாக இருந்தால்தான் மக்கள் அதனை மதிப்பர்.

மாணவர்களே! உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டை இன்று எடுத்துப் பாருங்கள். முந்தைய மாத அளவையும் இம்மாத அளவையும் ஒப்பிட்டு, செலவான அலகுகளைக் கணக்கிடுங்கள். கணக்கை அறிந்தவரே கேள்வி கேட்க இயலும்.